பின்னத்தில் விழுந்த பிள்ளைகள்

தவணைப் பரீட்சை முடிந்து பெற்றோர் கூட்டம் வைத்தால் எங்கள் பாடசாலைக்கு வருவோரில் பெரும்பாலானோர் உம்மாமார்தான். வாப்பாமார் வயலிலோ, கடையிலோ, கடல் கடந்தோ இருப்பார்கள். புள்ளி அறிக்கையைக் கையில் எடுத்ததும் அவர்களின் விரல் முதலில் போய் நிற்பது கணித பாடத்துக்கு நேரேதான். இஸ்லாத்தில் எண்பது, தமிழில் எழுபது, கணிதத்தில் இருபத்திரண்டு. “இவளுக்குக் கணக்கு ஏறாது மௌலவி. எனக்கும் அந்தக் காலத்தில ஏறல்ல. எங்கட குடும்பத்துக்கே அது வராது” என்பார்கள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதி வெளியேறியவன். இஸ்லாமும் அரபு மொழியும் கற்பிப்பதற்காகவே நியமனம் பெற்றவன். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய், பதிலுக்கு எவரும் வராத ஒரு வருடத்தில் எட்டாந் தரக் கணித வகுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பராயிழ் ஓதியவருக்குக் கணக்குத் தெரியும்தானே என்பது அதிபரின் வாதம். அன்று தொட்டு இன்று வரை இரண்டு பாடங்களையும் சேர்த்தே நடத்தி வருகிறேன். ஆகவே உம்மாமாரின் அந்த முறைப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

எந்த இடத்தில் விழுந்தாள்?

ஒரு பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர், எது வரைக்கும் ஏறியது என்று பார்க்க வேண்டும். புதிய வகுப்பொன்றைப் பொறுப்பேற்றால் முதல் வாரம் நான் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. ஐந்தாந் தரத்துக் கணக்குகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பேன். கூட்டுவார்கள். கடன் வாங்கிக் கழிப்பார்கள். ஏழாம், எட்டாம் வாய்ப்பாட்டில் சிலர் தடுமாறினாலும் விரல் விட்டு எண்ணியாவது வந்து சேருவார்கள். பிறகு, 1/3 பெரியதா 1/4 பெரியதா என்று கேட்பேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 1/4 என்று சொல்வார்கள்.

இது மக்குத்தனம் அல்ல. மூன்றை விட நான்கு பெரிது என்று ஐந்து வருடமாக நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? ஒரு கோடு போட்டு மேலும் கீழும் எழுதிவிட்டு, இன்று முதல் நான்கு சிறியது என்றால் பிள்ளை எங்கே போகும்? அது கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என இரண்டு எண்களைத்தான் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே அளவைக் குறிக்கின்றன என்பது அதற்கு விளங்கவே இல்லை. அதனால்தான் 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, 2/5 என எழுதி வைக்கிறது. 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரை ரொட்டி தின்ற பிள்ளைக்கு இன்னுமொரு துண்டு கொடுத்த பின், “எனக்கு முன்னதை விடக் குறைந்து போச்சு” என்று அது அழுததை எந்த உம்மாவாவது கண்டதுண்டா? கொப்பியில் மட்டும்தான் இப்படி நடக்கும்.

இந்த இடத்தில் விழுந்த பிள்ளை எழும்பாமலே மேல் வகுப்புகளுக்குப் போய்விடுகிறது. விகிதம், சதவீதம், வட்டி, நிகழ்தகவு, அட்சரகணிதம் எல்லாமே பின்னத்தின் மேல் கட்டப்பட்டவை. பத்தாந் தரத்தில் சமன்பாடு விளங்கவில்லை என்று அழும் மாணவியின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். சமன்பாட்டின் வழியை அவள் சரியாகவே பிடித்திருப்பாள். நடுவில் ஒரு முக்காலோ மூன்றிலொன்றோ வந்ததும் அங்கே கால் இடறியிருக்கும். பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு நேரே ‘டபிள்யூ’ என்று வந்தால், உயர்தரத்தின் வழமையான பிரிவுகளுக்குப் போகும் வழி அடைபட்டுப் போகிறது. ஆண் பிள்ளையென்றால் மீண்டும் எழுது என்று அனுப்புகிறோம். பெண் பிள்ளையென்றால், போதும் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னமும் நம் ஊர்களில் இருக்கின்றன.

தையல் பெட்டியில் இருக்கும் நாடா

பின்னம் கற்பிக்கப் பாடப்புத்தகங்களில் வட்டம் வரைந்து நிழல் தீட்டுவார்கள். வட்டத்தை இரண்டாகவும் நான்காகவும் வெட்டுவது சுலபம். மூன்றாகவும் ஐந்தாகவும் சமமாக வெட்ட ஆசிரியராலேயே முடியாது. நான் வகுப்புக்குக் கொண்டு போவது தையற்காரர் பாவிக்கும் அளவு நாடா. உங்கள் தையல் பெட்டியிலும் அது இருக்கும். அதன் நீளம் 60 அங்குலம். இந்த அறுபது ஓர் அருமையான எண். அதில் பாதி 30, மூன்றிலொன்று 20, கால் 15, ஐந்திலொன்று 12, ஆறிலொன்று 10. எதுவுமே மிச்சம் மீதி இல்லாமல் பிரியும்.

பிள்ளையின் கையில் நாடாவைக் கொடுத்து மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். பிறகு நான்காக மடிக்கச் சொல்லுங்கள். எதன் மடிப்பு நீளம் என்று கேளுங்கள். இருபது அங்குலமும் பதினைந்து அங்குலமும் கண் முன்னே கிடக்கும்போது 1/4 பெரிது என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அடுத்து, அரை நாடாவுடன் மூன்றிலொரு நாடாவைச் சேர்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். முப்பதும் இருபதும் ஐம்பது. அறுபதில் ஐம்பது. அதாவது ஆறில் ஐந்து. பகுதியெண்ணைச் சமப்படுத்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எழுதி வெண்கட்டி தேய்ந்தாலும் ஏறாத விஷயம் இங்கே தானாக நடந்து விடுகிறது. அரையையும் மூன்றிலொன்றையும் அப்படியே கூட்ட முடியாது, இரண்டையும் அங்குலமாக்கினால் கூட்டலாம் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்கிறது.

முதலில் கையில் பொருள், அடுத்து வாயில் சொல், கடைசியில்தான் கொப்பியில் குறியீடு. நம் வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. குறியீட்டை முதல் நாளே எழுதிக் காட்டிவிட்டு, விளங்காத பிள்ளைக்கு மட்டும் பொருளைக் காட்டுகிறோம்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் “நான்கில் மூன்று” என்கிறோம். சொல்லும்போது முதலில் வரும் நான்கு எழுதும்போது கீழே போகிறது. காதால் கேட்ட ஒழுங்கிலேயே எழுதும் பிள்ளை 4/3 என்று எழுதிவிட்டு, எங்கே பிழை என்று தெரியாமல் விழிக்கும். அதனால் என் வகுப்பில் முதலில் கோட்டை இழுக்க வேண்டும், அடுத்துக் கீழே நான்கு, அதன் பிறகே மேலே மூன்று. சொல்லும் ஒழுங்கில் கை போகட்டும். இந்தச் சின்ன மாற்றத்தால் நின்று போன பிழைகள் பல.

எங்கள் ஊர் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. மழை நீரில் விளைந்த நெல்லுக்கு ஸகாத் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. நூறு மூடை விளைந்தால் எத்தனை மூடை கொடுப்பார் உன் வாப்பா என்று கேட்டால் பத்து என்றும் ஐந்து என்றும் உடனே பதில் வரும். அப்படியானால் 1/10 பெரியதா 1/20 பெரியதா? பகுதியெண் பெரிதானால் பங்கு சிறிதாகும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

ஹிப்ழ் மத்ரஸாவிலிருந்து பாடசாலைக்குத் திரும்பி வந்த ஒரு மாணவன் கடைசி வாங்கில் இருந்தான். கணிதத்தில் வாயே திறக்க மாட்டான். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. “இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு” என்ற மந்திரத்தை மற்றவர்கள் ஒப்புவித்தார்கள். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் அவனிடம் கேட்டேன், “குர்ஆனில் எத்தனை ஹிஸ்ப்?” அறுபது என்றான். “நாளுக்கு முக்கால் ஹிஸ்ப் தவ்ர் செய்தால் எத்தனை நாளில் ஹத்ம் ஆகும்?” கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்து எண்பது என்றான். எப்படி என்று கேட்டேன். ஒரு ஹிஸ்பில் நாலு ருபுஉ, அறுபது ஹிஸ்பில் இருநூற்று நாற்பது, நாளுக்கு மூன்று ருபுஉ ஓதினால் எண்பது நாள் என்றான்.

மதீனாவில் அச்சாகும் முஸ்ஹபின் ஓரத்தில் கால் ஹிஸ்ப், அரை ஹிஸ்ப், முக்கால் ஹிஸ்ப் என்று அடையாளமிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்காக அந்த அடையாளங்களோடு வாழ்ந்தவன் அவன். 60 ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தான். தலைகீழாக்கிப் பெருக்கு என்பதும் அதைத்தான் சொல்கிறது. வகுத்தால் எண் சிறுக்கும் என்று நினைத்திருந்த வகுப்பு, அறுபதை வகுத்து எண்பது வந்ததைப் பார்த்து வாயடைத்துப் போனது. அவனுக்குக் கணக்கு தெரிந்தே இருந்தது. தனக்குத் தெரிந்தது கணக்கு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஏழு பேர்ச்சும் ஐந்து பேர்ச்சும்

பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி கி.பி. 820ஆம் ஆண்டளவில் எழுதிய ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ என்ற நூலிலிருந்தே அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த நூலின் ஒரு பெரிய பகுதி மரண சாசனமும் வாரிசுப் பங்கும் பற்றிய கணக்குகள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொத்தைப் பிரிப்பதும் வியாபாரம் செய்வதும் வழக்குத் தீர்ப்பதுமான அன்றாடத் தேவைகளுக்காகவே அவர் அதை எழுதினார்.

அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. சில காலத்துக்கு முன் ஒரு சகோதரி தன் மகளின் படிப்பு விஷயமாக வந்தவர், பேச்சோடு பேச்சாகத் தன் பங்குக் காணியைப் பற்றிச் சொன்னார். வாப்பா விட்டுச் சென்றது நாற்பது பேர்ச். வாரிசுகள் உம்மா, இரண்டு நானாமார், இவர். “எட்டில ஒண்டு என்று அஞ்சு பேர்ச் தந்தாங்க, ஒப்பம் வெச்சிக் குடுத்தன்” என்றார். எட்டில் ஒன்று அவருடைய உம்மாவின் பங்கு. அதைக் கழித்தால் மீதி முப்பத்தைந்து. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் மீதி ஐந்து கூறு, கூறொன்றுக்கு ஏழு பேர்ச். நானாமாருக்குப் பதினான்கு பதினான்கு, இவருக்கு ஏழு. யாராவது வேண்டுமென்று செய்தார்களா, அவர்களுக்கே கணக்கு பிழைத்ததா என்பது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமல்ல. மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்தைப் பற்றி 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, கிதாபுகளும் இருக்கின்றன. ஒப்பமிட்ட கைக்கு ஏழா ஐந்தா என்று பார்க்கத் தெரிந்திருக்கவில்லை. பங்கு கேட்பதும் விட்டுக்கொடுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டாமா?

வார இறுதியில் நான் பாடம் எடுக்கும் பெண்கள் மத்ரஸாவில் பராயிழைக் கணித வகுப்பாகவே நடத்துகிறேன். அல்குர்ஆனில் விதிக்கப்பட்ட பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. மனைவிக்கு எட்டிலொன்று, உம்மாவுக்கு ஆறிலொன்று, மீதி மகனுக்கு என்றால் சொத்தை எத்தனை கூறாக்குவது? எட்டாலும் ஆறாலும் பிரிய வேண்டும். பாடசாலையில் ‘பொது மடங்குகளுட் சிறியது’ என்று பெயர் சொன்னாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் இங்கே இருபத்து நான்கு என்று போட்டி போட்டுச் சொல்வார்கள். மனைவிக்கு மூன்று, உம்மாவுக்கு நான்கு, மகனுக்குப் பதினேழு.

பிறகு ஒரு நாள் இந்தக் கணக்கைக் கொடுப்பேன்: மனைவி, இரண்டு பெண் மக்கள், வாப்பா, உம்மா. மனைவிக்கு 1/8, பெண் மக்களுக்கு 2/3, வாப்பாவுக்கு 1/6, உம்மாவுக்கு 1/6. இருபத்து நான்கு கூறில் மூன்று, பதினாறு, நான்கு, நான்கு. கூட்டிப் பார்த்துவிட்டு வகுப்பே குழம்பும். “இருபத்தேழு வருது மௌலவி! இருபத்தி நாலில இருந்து இருபத்தேழ எப்படிக் குடுக்கிறது?” இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னம் விளங்கிவிட்டது. முழுமையை விடப் பங்குகளின் கூட்டுத்தொகை பெரிதாகிவிட்டது என்பதை அவள் தானே பிடித்துவிட்டாள்.

இதற்கான தீர்வு, எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பது. சொத்தை இருபத்து நான்குக்குப் பதிலாக இருபத்தேழு கூறாக்கி, அவரவருக்கு அதே எண்ணிக்கையைக் கொடுப்பது. இதை ‘அவ்ல்’ என்போம். உமர் (ரழி) அவர்களின் காலத்தில் நடைமுறைக்கு வந்த முறை இது. அலி (ரழி) அவர்கள் மிம்பரில் நின்றுகொண்டிருந்தபோது இதே கணக்கு கேட்கப்பட்டதாகவும், மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகி விட்டது என்று குத்பாவை நிறுத்தாமலே பதிலளித்ததாகவும் அறிவிக்கப்படுகிறது. அதனால் இதற்கு ‘மிம்பரிய்யா’ என்றே பெயர். இருபத்தேழில் மூன்று, ஒன்பதில் ஒன்று. சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

உம்மா சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்தப் பிள்ளைகள் அவ்வருடத்தில் கணிதம் குறைவாகவே கற்றார்கள்; பயமும் கூடியது. உதவி அடிக்கடி இல்லாத வீடுகளில் பெற்றோரின் பயம் பிள்ளைகளை அப்படிப் பாதிக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் மகளின் முன்னிலையில் “எனக்கும் ஏறல்ல” என்று சொல்லும் உம்மாமாரை நினைக்கும்போதெல்லாம் இந்த ஆய்வும் என் நினைவுக்கு வரும்.

ஈரானில் பிறந்த மர்யம் மிர்ஸாகானி 2014இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதலாவது பெண்மணி. 2017இல் நாற்பது வயதிலேயே நோயால் மறைந்து போனார். இடைநிலைப் பாடசாலையில் ஒரு வருடம் அவர் கணிதத்தில் பின்தங்கியிருந்தார், அந்த வருடத்து ஆசிரியை அவரிடம் பெரிய திறமை இருப்பதாக நினைக்கவில்லை. அடுத்த வருடம் உற்சாகமூட்டும் ஓர் ஆசிரியை வாய்த்தார், நிலைமை மாறிவிட்டது. அந்த முதல் வருடத்தோடு வீட்டில் யாராவது “இவளுக்கு ஏறாது” என்று முடிவு கட்டியிருந்தால்?

ஆகவே உம்மாமார் விதிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். எட்டுப் பேருக்கு மூன்று சுண்டு அரிசி போட்டால் பன்னிரண்டு பேர் வந்தால் எவ்வளவு? ஒரு ஸஹனுக்கு ஆறு பேர், நாற்பது பேருக்கு எத்தனை ஸஹன், கடைசி ஸஹனில் எத்தனை பேர்? வட்டிலப்பத்தை எத்தனை துண்டாக வெட்டலாம், ராத்தாவுக்கு இரண்டு துண்டு போனால் எவ்வளவு பங்கு போயிற்று? ரமழானில் கடைக் கணக்குப் பார்க்கும்போது மகளைப் பக்கத்தில் இருத்துங்கள். எண்பது இலட்சத்துக்கு இரண்டரை வீதம் என்றால் கல்குலேட்டரைத் தேடுவார்கள். இரண்டரை வீதம் என்பது நாற்பதில் ஒன்று. எனவே பத்தால் வகுத்து இரண்டு தடவை பாதியாக்கினால் சரி: எட்டு, நான்கு, இரண்டு இலட்சம். பிள்ளை பிழையாகச் சொன்னால் உடனே திருத்தாமல், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு போகும்போதே பாதிப் பிழைகள் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மனனத்தை நான் குறை சொல்வதாக எவரும் நினைக்க வேண்டாம். மனனம் செய்தே வளர்ந்தவன் நான். வாய்ப்பாடு பன்னிரண்டு வரை நாவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கின் நடுவில் ஏழெட்டு எத்தனை என்று தேடப் போய், எதற்காகத் தேடினோம் என்பதே மறந்துவிடும். ஆனால் குறுக்கு வழிகளை மட்டும் மனனம் செய்விக்கும் டியூஷன் கொட்டில்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், 1/4 ஐப் பெரிதென்று நினைக்கும் ஒரு பிள்ளையை யார் கண்டுபிடிப்பது?

கடைசியாக, வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு. ஒருவர் பதினேழு ஒட்டகங்களை விட்டுச் சென்றார். மூத்தவனுக்கு 1/2, அடுத்தவனுக்கு 1/3, இளையவனுக்கு 1/9 என்று சொல்லிவிட்டுப் போனாராம். (பராயிழில் இப்படிப் பங்கு கிடையாது, இது வெறும் கதை.) பதினேழைப் பிரிக்க முடியாமல் சண்டை வந்தது. ஒரு பெரியவர் தன் ஒட்டகத்தையும் சேர்த்துப் பதினெட்டாக்கினார். ஒன்பது, ஆறு, இரண்டு என்று மூவரும் பெற்றுக்கொண்டார்கள். ஒட்டகம் ஒன்று மிஞ்சியது, பெரியவர் அதில் ஏறிக்கொண்டு போய்விட்டார். அது எப்படி மிஞ்சியது என்று மகளிடம் கேளுங்கள். 1/2, 1/3, 1/9 மூன்றையும் கூட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். மிம்பரிய்யாவில் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டியது, இங்கே என்ன நடக்கிறது என்று அவளே வந்து உங்களுக்குச் சொல்வாள்.